தண்ணி புகாத லைட் வேறு... தீ மூட்டாத லைட் வேறு! கழிவுநீர் தொட்டிகளில் காத்திருக்கும் கரண்ட் ஆபத்து

தூத்துக்குடி,-

வீட்டில் சமையல் கேஸ் கசிந்தால் என்ன செய்யணும்? சின்னப்பிள்ளையை கேட்டாலும் சொல்லும். லைட் சுவிட்சை போடக்கூடாது. பேன் சுவிட்சை தொடக்கூடாது. ரெகுலேட்டரை மூடிவிட்டு ஜன்னலை திறக்கணும்.

இந்த பாடம் அடுப்படியில் எல்லோருக்கும் தெரிகிறது. ஆனால் அதே ஆள் மறுநாள் காலையில் வேலைக்கு போய், கழிவுநீர் தொட்டியின் மூடியை திறந்து, குண்டு பல்பை ஒயரோடு உள்ளே தொங்கவிடும்போது மட்டும் மறந்து போகிறது.

தொட்டிக்குள் இருப்பதும் எரியும் வாயுதான். பல்பில் இருப்பதும் தீப்பொறிதான். இடம் மட்டும்தான் வேறு.

தூத்துக்குடியில் துறைமுகம், உர ஆலை, காஸ்டிக் சோடா ஆலை, அனல் மின் நிலையம், மீன் பதப்படுத்தும் கம்பெனிகள், மாநகராட்சி பாதாள சாக்கடை என்று கழிவுநீர் வராத இடமே இல்லை. கழிவுநீர் இருக்கும் இடத்தில் எல்லாம் பம்ப் இருக்கிறது. பம்ப் இருக்கும் இடத்தில் எல்லாம் மீட்டரும், சென்சாரும், ஒயரும் இருக்கிறது. இவை எந்த தரத்தில் இருக்கின்றன என்பதுதான் இப்போதைய கேள்வி.

அடுத்தடுத்து போன உயிர்கள்

2020 ஜூலையில் தூத்துக்குடி மாவட்டம் கீழ செக்காரக்குடியில் ஒரு வீட்டு கழிவுநீர் தொட்டியை சுத்தம் செய்ய போன 4 பேர் விஷவாயு தாக்கி பரிதாபமாக இறந்தனர்.

2024 ஜூலையில் புதூர் பாண்டியாபுரம் அருகே ஒரு மீன் பதப்படுத்தும் ஆலையில் இரவு நேரத்தில் அமோனியா வாயு கசிந்தது. 20-க்கும் மேற்பட்ட பெண் தொழிலாளர்கள் மூச்சு திணறி ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டனர். மின் கோளாறில் இருந்துதான் விபத்து தொடங்கியது என்று அப்போது சொல்லப்பட்டது.

2025 செப்டம்பரில் தூத்துக்குடி பழைய துறைமுகத்தில் நின்ற மிதவை கப்பலின் அடித்தொட்டிக்குள் இறங்கிய 3 தொழிலாளர்கள் மூச்சு திணறி உயிரிழந்தனர். கடலோர கிராமங்களை உலுக்கிய சம்பவம் இது.

செக்காரக்குடியிலும், கப்பலிலும் உயிரை எடுத்தது கரண்ட் இல்லை. கெட்ட காற்றும், காற்று இல்லாததும்தான். அதனால்தான் உள்ளே இறங்கும் முன் கருவி வைத்து காற்றை பார்க்கணும் என்று சொல்கிறார்கள். சரி, அந்த கருவியே தீப்பொறி விட்டால்? உள்ளே இறக்கும் லைட்டே வெடிக்க வைத்தால்? உயிர் காக்க போன சாமானே உயிரை எடுத்துவிடும்.

நாடு முழுவதும் 2019 முதல் 2023 வரை சாக்கடை மற்றும் கழிவுநீர் தொட்டி சுத்தம் செய்யும்போது 377 பேர் இறந்ததாக நாடாளுமன்றத்தில் மத்திய அரசே தெரிவித்தது குறிப்பிடத்தக்கது.

ஒரே நாளில் 16 பேர்

கழிவுநீர் நிலையத்தில் கரண்ட் என்ன செய்யும் என்பதற்கு உத்தரகாண்ட் மாநிலம் சமோலி ஒரு கொடூரமான சாட்சி.

2023 ஜூலை 19. அலக்நந்தா ஆற்றங்கரையில் கங்கை தூய்மை திட்டத்தில் கட்டப்பட்ட கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம். அங்கு வேலை பார்த்த ஒருவர் இறந்து கிடப்பதாக தகவல் வந்தது. போலீசார் வந்தனர். ஊர்க்காவல் படையினர் வந்தனர். சொந்தபந்தங்களும், ஊர்க்காரர்களும் கூடினர்.

விசாரணை நடந்து கொண்டிருக்கும்போதே திரும்ப கரண்ட் பாய்ந்தது. நிலையத்தின் இரும்பு கைப்பிடி வேலி முழுக்க மின்சாரம். தொட்டவர்கள் தொட்டபடியே விழுந்தனர். போலீஸ் அதிகாரி ஒருவர் உள்பட மொத்தம் 16 பேர் பலி.

மின் பாதுகாப்பு விதிகள் அங்கே ஒழுங்காக பின்பற்றப்படவில்லை என்பது பிறகு நடந்த விசாரணையில் தெரியவந்தது.

யோசித்து பாருங்கள். ஆற்றை காப்பாற்ற கட்டிய நிலையம் அது. ஆறு சுத்தமாகும் முன்பே 16 குடும்பம் தெருவுக்கு வந்துவிட்டது.

எம்.சி.பி. இருந்தா போதாதா?

"எங்க பேனல்ல எம்.சி.பி. இருக்கு அண்ணாச்சி, ஷாக் அடிச்சா தானா டிரிப் ஆயிரும்" என்று பலர் நம்புகிறார்கள். இது தப்பான நம்பிக்கை.

16 ஆம்பியர் எம்.சி.பி. என்றால் 16 ஆயிரம் மில்லி ஆம்பியர் வரை அது அசையாது. மனித உடம்பில் 30 மில்லி ஆம்பியருக்கு மேல் சிறிது நேரம் பாய்ந்தாலே இதயம் தடுமாறும். எம்.சி.பி. காப்பாற்றுவது ஒயரை. ஆளை அல்ல.

ஆளை காப்பாற்றுவது இன்னொரு சாமான். கசியும் கரண்டை கண்டுபிடித்து கண் இமைக்கும் நேரத்தில் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. அதிலும் 30 மில்லி ஆம்பியர் அளவு உள்ளது. அதோடு சரியான எர்த்தும் வேண்டும். இரண்டில் ஒன்று இல்லை என்றாலும் ஈரத்தில் நிற்கும் தொழிலாளிக்கு உத்தரவாதம் இல்லை.

தூத்துக்குடி மாதிரி கடலோர ஊரில் எர்த் கம்பிக்கு ஆயுள் குறைவு. உப்பு காற்றும், உப்பு மண்ணும் கம்பியையும், நட்டையும் அரித்துவிடும். மேலே பார்த்தால் கம்பி இருக்கும். மண்ணுக்குள் இணைப்பே இருக்காது. எர்த் டெஸ்டர் வைத்து அளந்து பார்க்காமல் இது தெரியாது.

சாக்கடைக்குள் என்ன வாயு?

காற்று போகாத தொட்டியில் கசடு தேங்கினால் கிருமிகள் அதை தின்று 2 வாயுக்களை விடுகின்றன. ஒன்று மீத்தேன். இன்னொன்று அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும் ஹைட்ரஜன் சல்பைடு.

மீத்தேனுக்கு வாசனையே கிடையாது. காற்றில் 5 சதவீதம் கலந்தாலே பற்றிக்கொள்ளும். காற்றை விட லேசு என்பதால் மூடிக்கு கீழே, உச்சியில் தங்கும்.

ஹைட்ரஜன் சல்பைடு காற்றை விட கனம். அடியில் போய் உட்காரும். இதுவும் எரியும். அதை விட பெரிய ஆபத்து, அளவு கூடினால் மூக்கையே மரத்துப்போக வைத்துவிடும். "நாத்தம் குறைஞ்சிட்டு, இனி இறங்கலாம்" என்று நினைக்கும் நேரம்தான் சாவு பக்கத்தில் நிற்கும் நேரம்.

கடற்கரை ஊருக்கு இதில் ஒரு கூடுதல் வில்லங்கம் உண்டு. கடல் தண்ணீரில் சல்பேட் உப்பு அதிகம். நிலத்தடி வழியாக உப்புத்தண்ணீர் சாக்கடை குழாயில் கசிந்து கலந்தால், கிருமிகளுக்கு தீனி கூடும். ஹைட்ரஜன் சல்பைடும் கூடும். மீன் கம்பெனி கழிவில் இருக்கும் ரத்தமும், செதிலும், குடலும் அழுகும்போதும் இதே கதைதான். அமோனியாவும் சேர்ந்துகொள்ளும்.

எவ்வளவு பொறி வேண்டும்?

மீத்தேன் பற்றிக்கொள்ள தேவையான சக்தி வெறும் 0.28 மில்லி ஜூல். ஹைட்ரஜன் சல்பைடுக்கு அதிலும் கால் பங்கு போதும்.

இது எவ்வளவு சின்னது தெரியுமா? நைலான் சட்டையை கழற்றும்போது சில நேரம் சடசடவென்று ஒரு பொறி தெறிக்குமே, அதுவே இதை விட பெரிதாக இருக்கலாம். அப்படி என்றால் டார்ச் லைட் சுவிட்ச், செல்போன், மோட்டார் ஸ்டார்ட்டர், பிளாக் டேப் சுற்றிய ஒயர் ஜாயிண்ட்... எல்லாமே தீக்குச்சிதான்.

தொட்டிக்குள் தண்ணீர் மட்டம் பார்க்க மிதவை சுவிட்ச் ஒன்று தொங்கும். தண்ணீர் ஏறினால் மோட்டார் ஓடும், இறங்கினால் நிற்கும். ஒவ்வொரு தடவையும் அதற்குள் இருக்கும் காண்டாக்ட் ஒட்டும், பிரியும். பிரியும்போது ஒரு சின்ன பொறி. இது நடப்பது வாயு நிறைந்த தொட்டியின் நடுவில்! அதில் நேராக 230 வோல்ட் ஓடினால் என்ன ஆகும் என்று சொல்ல தேவையில்லை.

1984 மே 23-ந்தேதி இங்கிலாந்தின் அபேஸ்டெட் என்ற இடத்தில் நிலத்தடி தண்ணீர் நிலையம் ஒன்றை பார்க்க ஊர் மக்கள் உள்பட 44 பேர் போனார்கள். சுரங்க குழாய் வழியாக வந்து சேர்ந்திருந்த மீத்தேன் வெடித்து 16 பேர் இறந்தனர். எந்த பொறியால் பற்றியது என்பதை கடைசி வரை உறுதியாக கண்டுபிடிக்க முடியவில்லை. அது சாக்கடை கூட இல்லை. நல்ல தண்ணீர் நிலையம்.

அதே நாட்டில் 2020 டிசம்பர் 3-ந்தேதி பிரிஸ்டல் நகரம் அருகே ஏவன்மவுத் கழிவுநீர் நிலையத்தில் கசடு சேமிப்பு கலன் வெடித்து 4 பேர் பலியானார்கள். பணக்கார நாடு, ஏழை நாடு என்று வாயு பார்ப்பதில்லை.

439 தொழிலாளர் உயிர் கொடுத்த பாடம்

இந்த ஆபத்துக்கு வழி கண்டுபிடிக்கப்பட்டு 100 வருடத்துக்கு மேல் ஆகிறது. அதற்கு விலை கொடுத்தவர்களும் தொழிலாளர்கள்தான்.

1913 அக்டோபர் 14. வேல்ஸ் நாட்டில் செங்கனித் நிலக்கரி சுரங்கம். மீத்தேனும், நிலக்கரி தூசியும் வெடித்து 439 சுரங்க தொழிலாளர்கள் மாண்டனர். சுரங்கத்தில் சைகை கொடுக்க பயன்படுத்திய பேட்டரி மணியின் பொறி மீது சந்தேகம் விழுந்தது. "பேட்டரி மணிதானே, இதில் என்ன பொறி வந்துவிடப்போகிறது" என்று அது வரை நினைத்திருந்தார்கள்.

அதற்கு பிறகு நடந்த ஆராய்ச்சியில் பிறந்ததுதான் 'உள்ளியல்பு பாதுகாப்பு' என்ற முறை. பெயர் பெரிதாக இருந்தாலும் விஷயம் எளிது. கருவிக்கு போகும் கரண்டையே மிக மிக குறைத்துவிடுவது. ஒயர் அறுந்தாலும், ஷார்ட் ஆனாலும், வருகிற பொறி வாயுவை பற்ற வைக்கும் அளவுக்கு இருக்காது. அதற்காக பாதுகாப்பான ரூமில் 'பேரியர்' என்ற சின்ன சாமான் ஒன்றை மாட்டுவார்கள். அதை தாண்டி கூடுதல் கரண்ட் தொட்டி பக்கம் போகாது.

மட்டம் பார்க்கும் சென்சார், வாயு பார்க்கும் சென்சார் போன்ற சின்ன கருவிகளுக்கு இந்த முறைதான் ஏற்றது.

மோட்டார், லைட் மாதிரி பெரிய சாமான்களுக்கு இது ஆகாது. அதற்கு 'பிளேம் புரூப்' பெட்டி. கனமான இரும்பு அல்லது அலுமினிய பெட்டி. உள்ளே வாயு புகுந்து வெடித்தாலும் பெட்டி தாங்கும். மூடியின் விளிம்பு இடுக்கு வழியாக வெளியே வருவதற்குள் தீ குளிர்ந்துவிடும். வெளியில் உள்ள வாயு பற்றாது.

இங்கேதான் உப்பு காற்று விளையாடுகிறது. அந்த விளிம்பு துருப்பிடித்து இடுக்கு பெரிதானால் தீ வெளியே வந்துவிடும். 8 போல்ட் இருக்கவேண்டிய மூடியில் 5 போல்ட் இருந்தாலும் அதே கதி. ஒயர் நுழையும் கிளாண்டு கழன்று, ஓட்டையில் துணி திணித்திருந்தால் அது பிளேம் புரூப் பெட்டி இல்லை. வெறும் இரும்பு டப்பா.

ஐ.பி.68 என்றால் என்ன?

கடையில் போய் 'கழிவுநீர் தொட்டிக்கு ஒரு லைட் வேணும்' என்று கேட்டால் 'ஐ.பி.68' என்று எழுதியதை எடுத்து கொடுக்கலாம். தண்ணீரில் முக்கி வைத்தாலும் எரியும் என்று சொல்லலாம். அது உண்மைதான்.

ஆனால் ஐ.பி. என்பது தூசியும், தண்ணியும் உள்ளே போகாது என்பதற்கான குறி மட்டுமே. வாயுவை பற்ற வைக்காது என்பதற்கான குறி அது அல்ல. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதுதான் பல இடங்களில் நடக்கும் தப்பு.

வாயு உள்ள இடத்துக்கு தகுந்த சாமான் என்றால் அதன் தகட்டில் 'ஈ', 'எக்ஸ்' என்ற 2 ஆங்கில எழுத்து சேர்ந்த குறி இருக்க வேண்டும். அதோடு வாயு பிரிவும், சூட்டு அளவும் எழுதியிருக்க வேண்டும்.

மீத்தேனுக்கு 2-ஏ பிரிவு போதும். ஹைட்ரஜன் சல்பைடு இருந்தால் 2-பி பிரிவு வேண்டும். மீத்தேனை மட்டும் நினைத்து வாங்கிய சாமான் சாக்கடைக்கு போதாது என்பது இதில் இருந்து புரியும். சூட்டிலும் கணக்கு உண்டு. ஹைட்ரஜன் சல்பைடு சுமார் 260 டிகிரி சூட்டில் தானாகவே பற்றும். அதனால் சாமானின் மேல் சூடு 200 டிகிரியை தாண்டாத 'டி-3' வகையோ அதற்கு மேற்பட்டதோ வேண்டும்.

இந்தியாவில் இதற்கு தர நிர்ணய அமைப்பின் விதிகள் உள்ளன. தன்பாத்தில் உள்ள மத்திய சுரங்க, எரிபொருள் ஆராய்ச்சி நிலையத்தில் இத்தகைய சாமான்களை சோதித்து சான்று தருகிறார்கள். பெட்ரோல் சம்பந்தப்பட்ட இடங்களில் பொருத்த நாக்பூரை தலைமையிடமாக கொண்ட பெட்ரோலியம், வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பின் ஒப்புதலும் தேவை.

3 மண்டலம்

எல்லா இடத்துக்கும் விலை உயர்ந்த சாமான் வேண்டியதில்லை. இடத்தை 3 மண்டலமாக பிரித்திருக்கிறார்கள்.

எப்போதும் வாயு இருக்கும் இடம் 0 மண்டலம். மூடிய கசடு தொட்டியின் உள்பக்கம் இதற்கு உதாரணம். வேலை நடக்கும்போது அவ்வப்போது வாயு வரக்கூடிய இடம் 1-வது மண்டலம். ஏதாவது கோளாறு ஆனால் மட்டும் வாயு வரும் இடம் 2-வது மண்டலம்.

0 மண்டலத்தில் சென்சார் வைத்தால் மிக உயர்ந்த தர உள்ளியல்பு பாதுகாப்பு கருவிதான் வைக்கணும். 1-வது மண்டலத்தில் பிளேம் புரூப் மோட்டார், லைட் வைக்கலாம். பேனல் போர்டை மண்டலத்துக்கு வெளியே தள்ளி வைத்துவிட்டால் சாதாரண போர்டே போதும். செலவும் மிச்சம்.

காற்றோட்டமும் முக்கியம். அமெரிக்காவில் கழிவுநீர் நிலையங்களுக்கு என்றே 820 என்ற எண்ணில் தனி பாதுகாப்பு தரநூல் இருக்கிறது. பம்ப் தொட்டியில் மணிக்கு 12 தடவை காற்று முழுசாக மாறும்படி நிற்காமல் மின்விசிறி ஓடினால், அந்த இடத்தின் ஆபத்து தரம் ஒரு படி இறங்கும் என்று அது கணக்கு வைக்கிறது. அந்த விசிறி மோட்டாரும் பொறி விடாததாக இருக்க வேண்டும் என்பதை மறக்கக்கூடாது.

ஆக, முதல் வேலை சாமான் வாங்குவது அல்ல. எது எந்த மண்டலம் என்று வரைபடம் போடுவது. அந்த வரைபடம் நிலையத்தின் சுவரில் தொங்குகிறதா என்று பார்த்தாலே நிர்வாகத்தின் லட்சணம் தெரிந்துவிடும்.

கடலுக்கு மீட்டர்... ஆளுக்கு?

2014 பிப்ரவரியில் மத்திய மாசு கட்டுப்பாட்டு வாரியம் ஒரு முக்கிய உத்தரவு போட்டது. அதிக மாசு உண்டாக்கும் 17 வகை தொழிற்சாலைகள், வெளியேற்றும் கழிவை 24 மணி நேரமும் அளக்கும் ஆன்லைன் மீட்டர் வைக்க வேண்டும் என்றது. உரம், காஸ்டிக் சோடா, அனல் மின்சாரம் எல்லாம் அந்த பட்டியலில் உண்டு. மூன்றும் தூத்துக்குடி மாவட்டத்தில் இருக்கின்றன.

நல்ல உத்தரவு. மன்னார் வளைகுடாவில் பவளப்பாறை இருக்கிறது. ஒரு காலத்தில் முத்து குளித்த பார் இருக்கிறது. இன்றும் சங்கு குளிக்கிறார்கள். மீன் பிடிக்கிறார்கள். கழிவு கடலுக்கு போனால் அத்தனை குடும்பத்தின் அடுப்பும் அணையும். மீட்டர் வேண்டும்தான்.

ஆனால் ஒவ்வொரு புது மீட்டரும் கழிவுநீர் பக்கத்தில் ஒரு புது ஒயர், ஒரு புது இணைப்பு. அதை துடைக்க, கழற்ற, மாட்ட ஒரு ஆள் போகணும். கடலை காக்கும் மீட்டரை மாட்ட போகும் அந்த ஆளை காப்பது எது?

இதிலும் ஒரு பகீர் விஷயம் உண்டு. ஹைட்ரஜன் சல்பைடு செம்பை கறுப்பாக்கி அரிக்கும். சென்சார் போர்டு, ரிலே எல்லாம் நாளடைவில் செத்துப்போகும். செத்த வாயு சென்சார் சில நேரம் '0' என்று காட்டும். '0 காட்டுது, வாயு இல்ல' என்று நம்பி இறங்கினால் கதை முடிந்தது. தெரிந்த அளவு வாயுவை காட்டி சென்சார் சரியாக கூவுகிறதா என்று அடிக்கடி சோதிக்க வேண்டும்.

வெள்ளம் வடிந்த பிறகு

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பேய்மழையை தூத்துக்குடி மாவட்டம் மறக்காது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டி மீட்டர் மழை. தெருவெல்லாம் ஆறாக ஓடியது.

இப்படி மூழ்கிய மின் பெட்டியை வெயிலில் காயவைத்து அப்படியே சுவிட்ச் போடுவது தற்கொலைக்கு சமம். வெள்ளத்தோடு வந்த சேறும், உப்பும் உள்ளே படிந்திருக்கும். இன்சுலேஷனை அளந்து பார்த்து, எர்த்தை அளந்து பார்த்து, கெட்ட கிளாண்டை மாற்றிய பிறகே கரண்ட் கொடுக்கணும். பம்ப் ஹவுசில் பேனல் போர்டை வெள்ள மட்டத்துக்கு மேலே உயர்த்தி கட்டினால் பாதி பிரச்சினை தீரும்.

சட்டம் என்ன சொல்கிறது?

1948-ம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டத்தின் 36-ஏ பிரிவு தெளிவாக சொன்னது. தொட்டி, குழி, குழாய் போன்ற அடைத்த இடத்துக்குள் தகுந்த பாதுகாப்பு சாதனம் இல்லாமல் 24 வோல்ட்டுக்கு மேற்பட்ட கை லைட்டோ, மின் கருவியோ கொண்டுபோகக்கூடாது. எரியும் வாயு இருக்க வாய்ப்பு இருந்தால் பிளேம் புரூப் லைட் தவிர வேறு லைட்டே கூடாது.

2025 நவம்பர் 21-ந்தேதி புதிய தொழிலாளர் சட்ட தொகுப்புகள் அமலுக்கு வந்து, பழைய சட்டத்தின் இடத்தை பிடித்துவிட்டன. சட்டத்தின் பெயர் மாறலாம். கரண்டுக்கு சட்டத்தின் பெயர் தெரியாது. ஈர உடம்புக்கு 24 வோல்ட் என்ற பாடம் அப்படியேதான் இருக்கிறது.

பாதுகாப்பு சாதனம் இல்லாமல் ஆளை சாக்கடையில் இறக்குவதை 2013-ம் ஆண்டு சட்டம் தடை செய்கிறது. முதல் தடவைக்கு 2 ஆண்டு வரை ஜெயில் அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டுமே. அடுத்த தடவை என்றால் 5 ஆண்டு, 5 லட்சம் வரை போகும்.

சாக்கடையில் இறந்தவர் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று 2023 அக்டோபர் 20-ந்தேதி சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பு சொன்னது. நிரந்தர ஊனம் ஆனால் குறைந்தது 20 லட்சம்.

ஒரு சென்சாருக்கு பேரியர் மாட்டி, ஒரு பிளேம் புரூப் லைட் வாங்கி, ஒரு 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. போட இந்த 30 லட்சத்தில் சிறு துளி போதும். கணக்கு தெரிந்த முதலாளிக்கு இது புரியாமல் போகாது.

யார் பொறுப்பு?

பிரச்சினை இங்கேதான் இடிக்கிறது. தண்ணீர் சுத்தமாக போகிறதா என்று மாசு கட்டுப்பாட்டு வாரியம் பார்க்கிறது. தொழிற்சாலை பாதுகாப்பை தொழிலக பாதுகாப்பு, சுகாதார இயக்ககம் பார்க்கிறது. மின் இணைப்பை மின் ஆய்வுத்துறை பார்க்கிறது. சாக்கடை டெண்டரை உள்ளாட்சி அமைப்பு விடுகிறது. காண்டிராக்டர் கீழ் காண்டிராக்டருக்கு கொடுக்கிறார்.

ஒவ்வொருவரும் ஒரு பக்கம் பார்க்கிறார்கள். வாயுவும், கரண்டும் சந்திக்கும் அந்த குழிக்குள் கடைசியில் நிற்பது தினக்கூலி தொழிலாளி மட்டும்தான். அவருக்கு தகட்டில் உள்ள ஆங்கில குறி புரியாது. வடமாநில தொழிலாளி என்றால் தமிழ் போர்டும் புரியாது.

டெண்டரில் 'கழிவுநீர் பம்ப் 1, லெவல் சென்சார் 1' என்று மட்டும் எழுதினால் குறைந்த விலைக்காரர் சாதாரண சாமானைத்தான் கொண்டுவந்து மாட்டுவார். எந்த மண்டலம், எந்த வாயு பிரிவு, எந்த சூட்டு வகை என்று டெண்டரிலேயே எழுதினால்தான் சரியான சாமான் வரும். பொருத்திய பிறகு சான்றிதழையும், தகட்டையும் ஒப்பிட்டு பார்த்து பில் பாஸ் பண்ண வேண்டும்.

இறங்கும் முன் கேளுங்க!

"சும்மா ரெண்டு நிமிசம்தாண்டே, எட்டி பார்த்துட்டு வா" என்று மேஸ்திரி சொல்லும்போது தொழிலாளி கேட்கவேண்டிய கேள்விகள் இவை:-

1. மூடியை திறந்து காற்று போக விட்டாச்சா? ஊதுவிசிறி ஓடுதா?

2. கேஸ் டிடெக்டரை கயிறு கட்டி உச்சி, நடு, அடி மூன்று இடத்திலும் பார்த்தாச்சா? ஆக்சிஜன் 19.5 சதவீதத்துக்கு கீழே காட்டினால் இறங்காதீர்கள்.

3. மோட்டாரின் மெயின் சுவிட்ச் ஆப் செய்து பூட்டு போட்டாச்சா? சாவி யார் கையில்? இறங்குபவர் பையில் சாவி இருப்பதே நல்லது.

4. லைட்டில் அந்த குறி இருக்கா? ஒயரில் ஜாயிண்ட் இருக்கா? ஜாயிண்ட் இருந்தால் வேண்டாம்.

5. செல்போன், பீடி, தீப்பெட்டி, சாதாரண டார்ச் எல்லாம் மேலேயே வைத்தாச்சா?

6. மேலே கயிறை பிடித்து ஒருத்தர் நிற்கிறாரா? உள்ளே போனவர் மயங்கினால் மேலே நிற்பவர் குதிக்கக்கூடாது. கயிறை இழுக்கணும். பல இடங்களில் 2-வது, 3-வது சாவு இப்படித்தான் விழுகிறது.

இந்த 6-ல் ஒன்றுக்கு 'இல்லை' என்று பதில் வந்தாலும் "வேண்டாம் அண்ணாச்சி" என்று சொல்ல தொழிலாளிக்கு உரிமை வேண்டும். அப்படி சொன்னதற்காக மறுநாள் வேலை இல்லை என்று சொல்லும் காண்டிராக்டர் மீது நடவடிக்கை பாய வேண்டும்.

கலெக்டர் நடவடிக்கை எடுப்பாரா?

மாவட்டத்தில் உள்ள கழிவுநீர் பம்ப் நிலையங்கள், சுத்திகரிப்பு நிலையங்கள், ஆலைகளின் கழிவு தொட்டிகள் எல்லாவற்றையும் 4 துறை அதிகாரிகளும் ஒன்றாக போய் ஒரே தடவையில் ஆய்வு செய்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். மண்டல வரைபடம், எர்த் அளவு, ஆர்.சி.சி.பி., சாமான் சான்றிதழ் ஆகிய நான்கை மட்டும் கேட்டால் போதும். இல்லாத இடங்களுக்கு கெடு விதித்து சரி செய்ய வைக்கலாம். இதற்கு கலெக்டர் உத்தரவு ஒன்று போதும்.

முத்து குளித்த காலத்தில் கடலுக்குள் இறங்கும் ஆளின் கயிறை படகில் ஒருவர் கையில் பிடித்தபடியே நிற்பார். கயிறு அசைந்தால் இழுத்துவிடுவார். இறங்கியவர் மேலே வரும் வரை அவர் கவனம் வேறு பக்கம் போகாது.

இன்று சாக்கடைக்குள் இறங்கும் தொழிலாளியின் கயிறு யார் கையில் இருக்கிறது?